அம்மா பார்த்ததாகச் சொன்ன அருந்ததி

எங்கள் தெருவில் என் அம்மா கெங்கம்மாளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. கழுகுக் கண்ணு கெங்கம்மா என்பது ஒன்று. தலைக்கனம் பிடிச்சவ என்பது மற்றொன்று. முதலாவதை அவளுக்கு எதிரிலேயே சொல்வார்கள். இரண்டாவதை அவள் நாலு வீடு தாண்டிய பிறகு சொல்வார்கள்.

தலைக்கனம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. தெருவில் எதிரே வருகிறவர்களைப் பார்த்து அம்மா சிரிக்க மாட்டாள். சைக்கிளில் போகிற சொந்தக்காரர் கையை ஆட்டினாலும் பதிலுக்கு ஆட்ட மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள். "இன்னா கெங்கம்மா, நாங்கல்லாம் உன் கண்ணுக்கு மனுஷனாத் தெரியிலியா?" என்று கிட்டே வந்து கேட்டால் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்து, "ஐயோ, ஏதோ நெனப்புல வந்துகினு இருந்தேன்" என்பாள்.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, பெயரை மாற்றி எழுதட்டுமா என்றும் கேட்டேன். "பேரை மாத்தாத. மாத்தினா அது இன்னொரு பொய்யாப் பூடும்" என்றாள். பெற்றவளின் குறையை ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கழுகுக் கண்ணு என்ற பெயர் கல்யாணத்தோடு வந்தது. நாங்கள் திருத்தணியில் தறி போட்டுப் பிழைக்கிற குடும்பம். எங்கள் நைனா ஜம்புலிங்கத்தின் அக்கா பூவம்மாள், எனக்கு அத்தை, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டங்களில் ஒன்று, இந்த வீட்டுக்கு வருகிற பெண் அருந்ததியைப் பார்த்துக் காட்ட வேண்டும் என்பது.

மற்ற வீடுகளில் கல்யாணத்தன்று ஐயர் கையைக் காட்டுவார், பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டப்பகலில் அண்ணாந்து பார்த்துவிட்டு "தெரியுது" என்பார்கள், அதோடு முடிந்தது. அத்தைக்கு அது போதாது. பெண் பார்க்கிற அன்றே பார்த்தாக வேண்டும். அதனால் எங்கள் வீட்டார் சித்திரை, வைகாசியில்தான் பெண் பார்க்கப் போவார்கள், அதுவும் பொழுது சாய்கிற நேரத்துக்கு. அந்த மாதங்களில்தான் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரமும் வடக்கே நன்றாக ஏறி நிற்கும். பெண்ணை வெளியே அழைத்துப்போய், வால் மாதிரி இருக்கிற மூன்றில் நடுவில் இருப்பதைக் காட்டி, "அது ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார்கள். பெரிய நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டிக்கொண்டு மினுக்குகிற பொடி நட்சத்திரம் அருந்ததி. இரண்டு என்று சொல்கிறவளுக்குத்தான் பூ வைப்பது.

"கண்ணு இல்லாதவ தறி வூட்டுக்கு எதுக்கு? இழையைப் பார்ப்பாளா, தடவுவாளா?" என்பது அத்தையின் நியாயம்.

1962ஆம் வருஷம் வைகாசியில் அம்மையார்குப்பத்தில் அம்மாவைப் பார்க்கப் போனபோது அவள் இரண்டு என்று மட்டும் சொல்லவில்லை. "பெரிசுக்கு வலது கைப் பக்கம், கொஞ்சம் கீழ, சின்னது ஒண்ணு ஒட்டிகினு இருக்குதுங்க" என்றாளாம். அத்தைக்கு வாயெல்லாம் பல். அந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் கதை தெரியும்.

கண்ணின் கீர்த்திக்கு ஏற்ற மாதிரி வேலையும் இருந்தது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல் வரிசையான பாவு ஒன்றை நெய்து முடித்ததும், பழைய பாவின் நூல் முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நூல் முனையைச் சேர்த்து முறுக்க வேண்டும். பாவு பிணைப்பது என்போம். கைலிப் பாவில் கறுப்புக்குப் பக்கத்தில் கருநீலம் வரும், கருநீலத்துக்குப் பக்கத்தில் கரும்பச்சை வரும். ஒரு இழை மாறினால் கோடு மாறிவிடும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முகத்தை நூலோடு நூலாகக் குனிந்து வைத்து அம்மா பிணைத்தால் ஒரு இழை தப்பாது. அடுத்த தெருவிலிருந்தும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அத்தை பெருமையாக, "நட்சத்திரத்தையே பிரிச்சுப் பார்த்த கண்ணு, நூலைப் பிரிச்சுப் பார்க்காதா?" என்பார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தினமும் ரயிலில் போய் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தேன். கடைசி வருஷத்தில் கல்லூரியில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். எனக்குத் தூரப் பார்வை மோசம், இத்தனை நாள் கரும்பலகையை எப்படிப் படித்தாய் என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதினேன் என்றேன். கண்ணாடி வந்தது. கல்லூரி வாசலில் போட்டுக்கொள்வேன், திருத்தணி ஸ்டேஷன் வருவதற்குள் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கண்ணாடி போட்ட பெண்ணை எந்தத் தறிக்காரர் எடுப்பார்? இது அத்தையின் கேள்வி. எனக்கும் பதில் தெரியாததால் கழற்றிவிடுவேன்.

அது 1986, ஹாலி வால் நட்சத்திரம் வந்த வருஷம். கல்லூரியில் ஒரு தொலைநோக்கி வாங்கி, சித்திரையில் ஒரு சாயங்காலம் மாணவர்களுக்குக் காட்டினார்கள். என்னை அழைத்துவர அண்ணன் ராஜவேலு வந்திருந்தான். வால் நட்சத்திரம் துடைத்துவிட்ட சுண்ணாம்பு மாதிரி மங்கலாகத்தான் இருந்தது. ஏமாந்துபோன கூட்டத்தைச் சமாதானப்படுத்துவதற்காக எங்கள் பேராசிரியர் தொலைநோக்கியை வடக்கே திருப்பி வசிஷ்டரைக் காட்டினார். அருந்ததி தள்ளி நின்றது. ஆனால் வசிஷ்டர் என்று நாம் சொல்கிற அந்த ஒற்றை நட்சத்திரமே இரண்டாகப் பிரிந்து, இரண்டு வெள்ளை மணிகளாகப் அருகருகே இருந்தது. அவற்றுள் ஒவ்வொன்றும்கூட ஒன்றல்ல என்றும், தொலைநோக்கியாலும் பிரிக்க முடியாத அளவுக்கு நெருங்கி ஒன்றையொன்று சுற்றும் நட்சத்திரங்கள் அவை என்றும் அவர் சொன்னார். ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள்தானே வீட்டில் நட்சத்திரம் பார்த்தவள்.

அவள் வசிஷ்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கண்ணாடி போட்டுகினு பார்த்தா நட்சத்திரம் எப்டிடி இருக்குது?" என்றாள்.

"ஊசி முனை மாதிரி கூர்மையா இருக்குதும்மா."

"கண்ணாடி இல்லாட்டி?"

"ஒண்ணுமே தெரியாது. பெருசா இருந்தா லேசா ஒரு மினுக்கு, அவ்ளோதான். ஆனா ஒண்ணு. எனக்குத் தூரந்தான் தெரியாது. கிட்டப் பார்க்க இது நல்ல கண்ணுன்னு டாக்டர் சொன்னாரு. பொடி எழுத்து, நூலு எல்லாம் தெளிவாத் தெரியும். பாவு பிணைக்க என்னை மாதிரி ஆளுதான் சரி."

"அப்டியா" என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

அந்த வைகாசியில் ராஜவேலுவுக்குப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா வேடியப்பன் விசைத்தறி வைத்திருந்தார். பெண்ணின் பெயர் மணியம்மை. அத்தை, நைனா, அம்மா, நான் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். முதல் தடவை மாப்பிள்ளையை அழைத்துப்போகிற வழக்கம் இல்லை. என் கண்ணாடி வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

பெண் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காபியைக் கொடுத்துவிட்டு ஓடி ஒளியாமல் நின்று பேசினாள். தறியில் நூல் அறுந்தால் எடுத்துக் கட்டுவது தான்தான் என்றாள். "எங்க வூட்டுத் தறி ஓடுற சத்தத்துல, மெதுவாப் பேசினா யாருக்கும் கேக்காதுங்க. அதான் குரல் இப்டி" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நைனாகூடச் சிரித்தார். வெளியே இருட்டியதும் அத்தை அம்மாவைப் பார்த்தார்.

"கெங்கம்மா, நீயே இட்டுகினு போய்க் கேளு. உன்னை மாதிரி ஒருத்தி வந்தாப் போதும் நம்ம வூட்டுக்கு."

அம்மா எழுந்தாள். பெண்ணும் நானும் பின்னால் போனோம். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர் ஓரமாக நின்றோம். அம்மா வடக்கே திரும்பிக் கையை உயர்த்தினாள். "அங்க பாரும்மா. ஏழு இருக்குது இல்ல, அதுல வாலுல நடுவுல..."

மணியம்மை வெகுநேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றாள்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு வானம் கறுப்புத் துணி. அம்மாவின் விரல் சரியான இடத்தைத்தான் காட்டுகிறதா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பெரிசுக்கு வலது கைப் பக்கம், கொஞ்சம் கீழ, சின்னது ஒண்ணு ஒட்டிகினு இருக்குதுன்னு சொல்லு. போதும்."

"இருக்குதுங்களா?"

"இருக்குது."

"உங்களுக்குத் தெரியுதுங்களா?"

அம்மா உயர்த்திய கை அப்படியே நின்றது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெருவில் யாரையும் பார்த்துச் சிரிக்காதது, பஸ் வந்தால் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் கண்டக்டரிடமே கேட்பது, நூலோடு நூலாக முகத்தை வைப்பது எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த இடத்தில் நின்ற மூன்று பேரில் ஒருத்திக்கும் அந்த நட்சத்திரம் தெரியவில்லை.

மணியம்மைக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. இப்ப ஒரு தடவை சொல்லிட்டா, அப்பறம் தெனமும் சொல்லிகினே இருக்கணுமேங்க."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "இன்னா கெங்கம்மா, நட்சத்திரம் எறங்கி வந்து காபி குடிக்குதா?"

அம்மா கையை இறக்கினாள். கொல்லைப்புற வாசற்படி வரைக்கும் நடந்தாள்.

"தெர்லியாம் அண்ணி" என்றாள்.

அவ்வளவுதான். அத்தை வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் நைனா. வேடியப்பன் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது கேட்காமலே தெரியும்.

சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மறுநாளே அத்தை தெருவில் சொன்னார். தெருவிலிருந்து அது நூல் கடைக்குப் போயிற்று, நூல் கடையிலிருந்து பஸ் ஏறிற்று. அத்தை சொன்னது, பொண்ணுக்கு நட்சத்திரம் தெரியலை என்று. பள்ளிப்பட்டுக்குத் திரும்பிப் போய்ச் சேரும்போது, பொண்ணுக்குக் கண்ணே தெரியாது, கெங்கம்மாவே சோதிச்சுப் பார்த்துச் சொன்னா என்று ஆகிவிட்டது. கழுகுக் கண்ணு கெங்கம்மா சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தப் பேச்சு எங்கள் காதுக்கு வந்த அன்று அம்மா பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் கேட்டேன். மறைக்கவில்லை.

"என் தங்கச்சிதான் சொல்லிக் குடுத்தா. அவளுக்கு நல்லாத் தெரியும். வலது கைப் பக்கம், கொஞ்சம் கீழ. பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணினேன். எனக்கு வானத்துல நெலாவைத் தவிர ஒண்ணும் தெரியாதுடி. நட்சத்திரம்னா இன்னான்னு கேட்டா, மத்தவங்க சொல்லித்தான் தெரியும்."

"அன்னிக்கு ஏம்மா தெரியலைன்னு சொன்னே? தெரியுதாம்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

அவள் இன்னும் நாலைந்து இழையை முறுக்கினாள். "அந்தப் பொண்ணு என்னைக் கண்டுபுடிச்சிடுச்சு. வூட்டுக்கு வந்தா தெனமும் என் மூஞ்சியப் பார்க்குமே. அதுக்குப் பயந்துட்டேன்."

படித்தவள் என்ற தைரியத்தில், அந்தச் சோதனையே தப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். தூரத்து நட்சத்திரத்துக்கும் கையிலிருக்கிற நூலுக்கும் சம்பந்தமே இல்லை, அவள் வேலை இவ்வளவு சுத்தமாக இருப்பதே அந்தக் கண்ணால்தான், அவள் யாரையும் ஏமாற்றவே இல்லை என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் கையை நிறுத்திவிட்டாள். "அப்ப நான் பொய்யே சொல்லியிருக்க வேணாமா?"

"வேணாம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி வருசம் தெருவுல தலையைக் குனிஞ்சுகினு நடந்தேன்? ஒண்ணுமில்லாததுக்கா அந்தப் பொண்ணைக் குருடுன்னு ஆக்கினேன்?"

நான் படித்த படிப்பு அன்று அவளுக்குச் செய்தது இதுதான். அவமானத்தைக் குறைக்கப் போய், அதற்கிருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிவிட்டேன். அதன் பிறகு சாப்பிடும்போது அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அத்தை கழுகுக் கண்ணு என்று கூப்பிட்டால் அடித்தது போல ஒடுங்கிப்போவாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் காவடி, மஞ்சள் துணி, பம்பைச் சத்தம். நகரியிலிருந்து காவடி எடுத்து வந்த கூட்டத்தில் ராஜகோபால் என்ற ஒருவரும் அவர் சம்சாரம் ஜெயம்மாவும் இருந்தார்கள். நைனாவுக்கு நூல் கடைப் பழக்கம். மலையிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை மோர் கொடுத்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு ஜெயம்மா விஷயத்துக்கு வந்தார்.

"எங்க பையனுக்குப் பள்ளிப்பட்டுல வேடியப்பன் பொண்ணைக் கேட்டுகினு இருக்கோம். நீங்க பார்த்துட்டு விட்டதாச் சொல்றாங்க. கண்ணு தெரியாதாமே? இந்தம்மாதான் சோதிச்சாங்கன்னு பேச்சு. உங்க வாயால கேட்டுட்டா எங்களுக்கு ஒரு முடிவு தெரியும்."

"ஆங், அவதான் பார்த்தா. கேளுங்க, கேளுங்க" என்றார் அத்தை.

அம்மா தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். தாய்க்கு இருக்கிற குறை மகளுக்கும் இருக்கும் என்று நாளைக்கு நகரி வரைக்கும் பேசுவார்கள். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள் அம்மா. "தூரத்துல இருக்குற பொடி நட்சத்திரம் தெரியலைன்னு உண்மையச் சொல்லிச்சு. அவ்ளோதான். எனக்கும் தெரியாதுங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப தெரியுதுன்னு பொய் சொல்லித்தான் இந்த வூட்டுக்கு வந்தேன். இப்ப நீங்க அங்க குந்திகினு இருக்கீங்களே, உங்க மூஞ்சி கூட எனக்குத் தெரியலை. பொடவை செவப்புன்னு மட்டும் தெரியுது."

பம்பைச் சத்தம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. ஜெயம்மா தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது சிவப்புத்தான்.

"அப்ப பாவு பிணைக்கிறதெல்லாம்?" என்று ராஜகோபால் கேட்டார்.

"கிட்ட இருந்தா எல்லாம் தெரியுங்க. அந்தப் பொண்ணுக்கும் தெரியும். அவங்க வூட்டுத் தறியில அதுதான் நூல் எடுத்துக் கட்டுதாம். போய்ப் பாருங்க."

அவர்கள் மோரை முடித்துவிட்டு, எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசல் தாண்டியதும் ஜெயம்மா அடக்க முடியாமல் முந்தானைக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

முதலில் பேசியது நைனா. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஏ கெங்கா. அப்ப என் மூஞ்சி? அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கிட்ட வந்தாத் தெரியும்."

"வந்துகினுதானே இருந்தேன்" என்றார் நைனா. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தை வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேடி. என்னை இன்னான்னு நெனைப்பாங்க?" என்றார். அன்றிலிருந்து அம்மா கையால் சோறு வாங்குவதில்லை. நான் போட்டால் சாப்பிடுகிறார்.

தெரு விடவில்லை. தூரத்தில் வரும்போதே, "கெங்கம்மா, நான் கன்னியம்மா வந்துகினு இருக்கேன், பச்சைப் பொடவை!" என்று பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். சின்னப் பிள்ளைகள் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார்கள். ஒரு சிலர் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் கத்துகிறார்கள். எது உதவி, எது கேலி என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே "ஆங்" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். இப்போது யாரும் அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்பதில்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்று நான் கூப்பிட்டதற்கு, "இப்ப கண்ணாடி போட்டுகினா சிரிக்கிறவங்க மூஞ்சியும் தெரியுமே, இருக்கட்டும்" என்றாள்.

நான் இப்போது வீட்டிலும் தெருவிலும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். அதில் என் தைரியம் என்று ஒன்றும் இல்லை. மறைக்க இனி எதுவும் பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் மணியம்மைக்கு நகரியில் கல்யாணம் நடந்தது. ஜெயம்மாவின் மகன்தான் மாப்பிள்ளை. எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்குப் பத்திரிகை வந்தது. எங்களுக்கு வரவில்லை. ராஜவேலு தறியில் உட்கார்ந்து நெய்தான். முகூர்த்தத்தன்று காலையில் அம்மா பக்கத்து வீட்டுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"முகூர்த்தம் முடிஞ்சிருக்குமாடி?" என்றாள், நூலிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"இந்நேரம் முடிஞ்சிருக்கும்மா" என்றேன்.